கீரிக்கும் பாம்புக்கும் சண்டை

வாரத்தில் ஐந்து நாள் ஆபீசில் ஆணி பிடுங்கிவிட்டு, சனி ஞாயிறில் பொம்மையோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். புனேயில் பிறந்தநாள் விழா, சொசைட்டி கணபதி, நம்மவர்களின் பொங்கல் விழா என்று யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன். (தங்கமணி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.) மொத்தம் அரை மணி நேர காமெடி மேஜிக். அதில் கடைசி எட்டு நிமிஷம் பொம்மை. அந்த எட்டு நிமிஷம் உருப்பட ஏழு வருஷம் ஆனது என்றால் நம்புவீர்களா?

பொம்மையை வாங்கியது 2008இல், மும்பையில் ஒரு மேஜிக் கடையில். ரக்கூன். ரோமத் தோலுக்குள் நீளமாக ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். முழங்கை மேல் படுக்கவைத்து, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தடவிக்கொடுக்கிற மாதிரி நடித்தால் நெளியும், துள்ளும், திமிறும். அமெரிக்க காமெடி மேஜிக்காரர் டேவிட் வில்லியம்சன் ரக்கூன் பொம்மையை வைத்து அடிக்கும் லூட்டியை வீடியோவில் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் வாங்கினேன். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஜோக்குகளையும் சுட்டு, ஹிந்தியில் மாற்றி மேடையேற்றினேன். நல்ல கைதட்டல்.

2009இல் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் வயதான மராத்தி மேஜிக்காரர் ஒருவர் வந்து கைகொடுத்தார். "கை சுத்தமா இருக்கு. ஆக்ட் யாருடையது?" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் ஹிஹி என்று வழிந்துவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அத்தனை கைதட்டலில் ஒன்றுகூட எனக்கு விழுந்தது இல்லையே!

சரி, சொந்தமாகச் செய்வோம் என்று பொம்மையைப் பேசவைக்கக் கிளம்பினேன். மராத்தி தேசத்தில் பேசும் பொம்மை என்றால் ராம்தாஸ் பாத்யேதான். அவர் அப்பா யஷ்வந்த் பாத்யே உருவாக்கிய அர்தவட்ராவ் பொம்மை மகன் கைக்கு வந்து இன்னும் ஊரைச் சிரிக்கவைக்கிறது. (பெயருக்கு நம் பாஷையில் அரைகுறை ராவ் என்று வைத்துக்கொள்ளலாம்.) அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து உதட்டை அசைக்காமல் பேசப் பழகினேன். அப்போதுதான் தெரிந்தது, தமிழில் குழந்தை முதலில் சொல்லும் இரண்டு வார்த்தைகள்தான் இந்த வித்தைக்காரனுக்கு எமன். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆகவேண்டும். ப வருகிற இடத்தில் த, ம வருகிற இடத்தில் ந போட்டு ஒப்பேற்றுவார்கள். வேகமாகச் சொன்னால் கேட்பவர் காது சரிசெய்துகொள்ளும். எனக்கு அந்த வேகம் வரவில்லை. என் பொம்மை அப்பாவை 'அத்தா' என்றது, பாம்பை 'தாந்து' என்றது. முன்வரிசைப் பொடியன் ஒருவன், "அங்கிள், உங்க வாய் ஆடுது" என்று ஹிந்தியில் கத்தி எனக்குப் பெரிய பல்பு கொடுத்தான்.

ஆறு மாதம் பட்டபிறகு பேச்சை விட்டேன். பொம்மை என் காதில் கிசுகிசுக்கும், நான் ஊருக்குச் சொல்வேன். இதில் எந்த எழுத்தும் காலை வாராது. அது சொன்னது ஒன்று, நான் சொல்வது ஒன்று என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தால் சிரிப்பு இலவசம்.

தினமும் கண்ணாடி முன்னால் பயிற்சி. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாலு வயது மகள், "அப்பா, அது என்னைப் பாக்கவே மாட்டேங்குது" என்றாள். உண்மைதான். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, பொம்மையின் பார்வையைக் கண்ணாடிக்கே பழக்கியிருந்தேன். அன்றிலிருந்து அவள்தான் கண்ணாடி. பொம்மை முதலில் யாரையாவது பார்க்கவேண்டும், அதன் பிறகுதான் நகரவேண்டும். அது அசையும்போது நான் அசையக்கூடாது. இந்த இரண்டும் கைக்கு வரவே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ரக்கூன் என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் "முங்கூஸ்! முங்கூஸ்!" என்றுதான் கத்துவார்கள். மராத்தியில் கீரி. (ஆங்கிலத்தின் மங்கூஸ் இங்கிருந்து போனதுதான்.) நான் இல்லை, ரக்கூன் என்று திருத்திக்கொண்டே இருந்தேன், மக்கு மாதிரி. 2011 கணபதி சமயத்தில் ஒரு குழந்தை அப்படிக் கத்தியபோது மண்டையில் சட்டென்று எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் வந்து நின்றது.

அங்கே ஒரு வித்தைக்காரர் வருவார். கூடையில் பாம்பு, கயிற்றில் கீரி. "இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன், யாரும் இடத்தை விட்டு நகராதே, நகர்ந்தா ரத்தம் கக்குவே!" என்பார். சண்டை வரவே வராது. தாயத்து மட்டும் விற்கும். ஏழு வயதில் பொழுது சாயும்வரை ரத்தத்துக்குப் பயந்து நின்றேன். அப்பா வந்து காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் பூசை தனி. (இப்போது நிஜக் கீரியை வைத்து வித்தை காட்டினால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். அந்தக் கீரிக்காகச் சந்தோஷப்படலாம்.)

ரக்கூன் கீரி ஆனது இப்படித்தான். முதலில் நிஜமாகவே சண்டை வைத்தேன், ரப்பர் பாம்போடு. படு மொக்கை. 2012இல் சண்டையைத் தூக்கினேன். சண்டை போடப் போகிறது என்று நான் அளந்துகொண்டே இருப்பேன். கீரி காதில் ஒவ்வொரு சாக்காகச் சொல்லும். பல்வலி, விரதம், சம்பளம் பத்தாது, பாம்பு தூரத்துச் சொந்தம். கடைசியில் டப்பாவைத் திறந்தால் ஸ்பிரிங் பாம்பு பாயும், கீரி என் சட்டைக்குள் புகுந்துகொள்ளும், வால் மட்டும் வெளியே. சாக்குகளில் பாதி எனதில்லை, சிரித்த ஜனங்கள் கத்தியது. அதையெல்லாம் வீட்டுக்குப் போய்க் குறித்துவைத்துக்கொண்டேன்.

2015 பொங்கலுக்கு அப்பா புனே வந்திருந்தார். மேஜிக் என்றாலே முகம் சுளிப்பவர், மூன்றாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் "நகர்ந்தா ரத்தம் கக்குவே" என்றதும் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா கோபமா, மேடையிலிருந்து தெரியவில்லை. எனக்குக் கை வேர்த்து, கழுத்துப் பிடி நழுவப் பார்த்தது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது கேட்டார். "கடைசி வரைக்கும் சண்டை விடலையே?"

"அவரும் விடலையேப்பா."

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும். நானும் அரை மணி நேரம் உன் பின்னாடி நின்னு பாத்துட்டுதான்டா உன்னை இழுத்துட்டு வந்தேன்."