அத்தாவின் புல்லட்டும் அக்காவின் பங்கும்

குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்தால் வீடும் தோட்டமும் முறைப்படி பிரிக்கப்படுகின்றன. ஜமாஅத் பெரியவர்கள் கூடி அமர்கிறார்கள். ஆலிமிடம் கணக்குக் கேட்கிறார்கள். பத்திரம் எழுதப்படுகிறது. ஆனால் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சாவி மட்டும் யாரும் வாய் திறவாமலே மகனின் கைக்குப் போய்விடுகிறது. கைக்கடிகாரமும் ஸ்பேனர் பெட்டியும் அவ்வாறே. "சின்னப் பொருள்தானே" என்பது நம் சமாதானம். நிஸா அத்தியாயம் வாரிசுகளின் உரிமையைப் பேசும்போது பொருளின் சிறுமை பெருமையைப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் அத்தகைய பொருள் ஒரு புல்லட். 1972ஆம் ஆண்டு வண்டி, 346 சி.சி. எஞ்சின், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். திருவொற்றியூர் ஆலையில் செய்யப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே நிற்கவில்லை. அத்தா தேங்காய் வியாபாரத்திற்காக அந்த வண்டியில்தான் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் வந்தார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பின், ஒன்பது ஆண்டுகள் அது கொல்லைப்புறத்தில் தார்ப்பாயின் கீழ் நின்றது. சென்ற ஆண்டு அத்தா இறையழைப்பை ஏற்றார். வண்டியைப் பிரித்துச் சீர்செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது.

கோவைக்காரர்கள் மோட்டார் சைக்கிளைப் பிரிப்பதைப் பற்றிப் பேசினால் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். அதன் பிறகே அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பொறியியல் பயின்றார். பின்னாளில் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டவரின் முதல் பாடசாலை அந்த வண்டிதான். கழற்றிய சாமர்த்தியத்தையே எல்லாரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதன் வரிசைதான் மனத்தில் நின்றது. முதலில் உழைத்துச் சொந்தமாக்கினார், பிறகே ஸ்பேனரை எடுத்தார்.

எங்கள் புல்லட்டோ இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை. அத்தாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். அத்தாவுக்குக் கடனும் இல்லை, மரண சாசனமும் இல்லை. வாரிசுகள் அம்மா, அக்கா, தங்கை, நான். இரண்டு மெக்கானிக்குகளை அழைத்து, நின்ற நிலையிலேயே வண்டியை மதிப்பிடச் சொன்னேன். 64,000 ரூபாய் என்றார்கள். அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 8,000. மீதி 56,000இல் எனக்கு 28,000, அக்காவுக்கும் தங்கைக்கும் தலா 14,000.

அம்மா தம் பணத்தை எண்ணி வாங்கித் தனி முடிச்சாகக் கட்டி வைத்துக்கொண்டார். தங்கை மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கு எடுத்துக்கொண்டாள். அக்கா மட்டும் கையை நீட்டவில்லை.

"அத்தா வண்டிக்குப் போயி விலை போடோணுமா தம்பி? நீயே வச்சுக்கோ."

இந்தச் சொல்லோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். பெண்கள் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்றுதான் பெரும்பாலும் "வேண்டாம்" என்கிறார்கள். பங்கு எவ்வளவு என்று தெரிந்து, அது கைக்கு வந்த பின் மனமுவந்து தந்தால்தான் அது விட்டுக்கொடுத்தல். ஆகவே பணத்தை அவர் முன் வைத்து, "இது உங்களுடையது. இனி என்ன செய்வதென்று நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படீன்னா எம்பங்கு வண்டியிலேயே இருக்கட்டும். ஆனா டேங்குக்குப் பெயிண்ட் அடிக்காதே" என்றார்.

டேங்கின் இடப்பக்கம் ஒரு நீண்ட கீறல் உண்டு. பள்ளிக்கூடம் போகும்போது அக்காவின் தகரப் பெட்டி உராய்ந்த கோடு அது. முழுவதும் கறுப்படித்துப் பொன்னிறக் கோடு தீட்ட வேண்டும் என்பது என் விருப்பம். பங்குதாரரின் சொல்லுக்கு மதிப்புண்டு. டேங்கின் உட்புறத்தை மட்டும் மண்ணெண்ணெயும் சிறு நட்டுகளும் போட்டுக் குலுக்கித் துருவைக் கழுவினேன். கீறல் அப்படியே இருக்கிறது.

மற்ற வேலை எட்டு மாதம் எடுத்தது. கிக்கர் அசையவேயில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டரில் பிஸ்டன் துருவேறிப் பிடித்திருந்தது. ஸ்பார்க் பிளக் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் மெல்ல இளகியது. கழற்றிய நட்டு, போல்ட்டுகளை முட்டை அட்டைகளில் வரிசையாக வைத்துப் பெயர் எழுதினேன். சிலிண்டரைக் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் போரிங் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் ஃபீலர் கேஜ் வைத்துப் பொருத்தினேன். டிகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து உதைத்தால் இப்போது இரண்டாம் உதையில் உயிர் பெறுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்திற்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதைத் தொடக்கத்திலேயே முடித்தோம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் அப்போது கேட்கப்படுவது வழக்கம். அந்தக் கையெழுத்து அலுவலகத்திற்குப் போதும். மறுமைக் கணக்கிற்கு அது மட்டும் போதுமா? ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. அதனுடன் ஒரு தாளும் வைத்திருக்கிறோம். என்றேனும் விற்க நேர்ந்தால், சீர்செய்த செலவைக் கழித்து, மீதியில் அறுபத்து நான்குக்குப் பதினான்கு என்ற விகிதம் அக்காவுக்குச் சேரும் என்று இரண்டு சாட்சிகளுடன் எழுதியது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நான் நாளை இல்லாமல் போனாலும் என் பிள்ளைகள் அந்தத் தாளைப் படிப்பார்கள்.

உங்கள் வீட்டுத் தார்ப்பாயின் கீழும் ஒரு வண்டி நிற்கலாம். அதற்கு எண்ணெய் விடுமுன் உங்கள் சகோதரியை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.