பழவேற்காட்டில் ஒரு வீகன்

இறால், நண்டு, மடவைன்னு ஏரியே தட்டுல வந்து இறங்குற ஊரு பழவேற்காடு.
அங்க போயி நான் வீகன்!

கடை அக்கா ஏற இறங்கப் பார்த்தாங்க.
"ஒடம்பு சரியில்லையா தம்பி?"
"இல்லக்கா, கொள்கை."
"அப்ப மீன் வேணாம், கொழம்பு மட்டும் ஊத்தட்டா?"

கடைசில சாதம், ரசம், கத்தரிக்கா. மோரும் வேணாம்னப்போ அவங்க முகத்துல நெசமான கவலை.

1613ல டச்சுக்காரங்க கெல்டிரியா கோட்டை கட்டுன ஊரு இது. சோழமண்டலக் கரையில அவங்களுக்குத் தலைமையிடமே இதான்.
அந்தக் கணக்குல நான் சாப்பாடு தேடுனது ஒரு பழைய ஐரோப்பிய நகரத்துல!
இன்னிக்கு ஆம்ஸ்டர்டாம்ல வீகன் கடைக்குப் பஞ்சமில்ல. இங்க அவங்க விட்டுட்டுப் போனது கல்லறைத் தோட்டம்.
வாசல்ல செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டைப் பார்த்தா, நம்மாளு ஒருத்தர் மாதிரியே இருந்துச்சு.

ஏரில பொம்பளைங்க தண்ணிக்குள்ள கையால தடவித் தடவி இறால் புடிக்கிறாங்க. அன்னன்னிக்குக் கிடைக்கிறதுதான் வருமானம்.
அவங்ககிட்ட போயி என் கொள்கையை விளக்க எனக்கு வாய் வரல.

நல்லவேளை, பனங்கிழங்கு சீசன். ஒரு கட்டு காலி.

பழவேற்காட்டுக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?
உங்க வீட்டுல மீன் இல்லாத நாள்ல என்ன கொழம்பு வெப்பீங்க?