கங்கைகொண்ட சோழபுரம்: கோயிலுக்கு வெளியேயும் ஒரு தலைநகரம் இருக்கிறது!

தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். ‘ஒரே நாளில் மூன்று சோழர் கோயில்கள்’ என்று போடப்படும் சுற்றுலாத் திட்டங்களில், அரியலூர் மாவட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். வேனிலிருந்து இறங்கி, லிங்கத்தைத் தரிசித்து, புல்வெளியில் நின்று படம் எடுத்து, வாசலில் ஓர் இளநீர் குடித்தால் பயணம் முடிந்தது. அடுத்து நேராகக் கும்பகோணம்!

ஆனால், இது வெறும் கோயில் ஊர் இல்லை. முதலாம் ராஜேந்திர சோழன் தஞ்சாவூரை விட்டு வந்து உருவாக்கிய புதிய தலைநகரம். அவனுக்குப் பின் வந்த சோழர்களும் சுமார் 250 ஆண்டுகள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். அந்த நகரம் எங்கே போனது? இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டங்கள் அந்த நகரத்தை நம் கண்ணுக்குக் காட்டுமா? கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் கோயில்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு 13 நிலைகள். இங்கே 9 நிலைகள்தான். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் கம்பீரமாக ஏறும். இந்த விமானமோ மேலே போகப் போக உள்வாங்கி, மெல்ல வளைந்து ஏறும். ‘அப்பா கட்டியது ஆண்மை, மகன் கட்டியது பெண்மை’ என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

வடக்குப் பக்கப் படிக்கட்டில் ஏறும்போது இரண்டு நிமிடம் நில்லுங்கள். சிவபெருமான் தன் காலடியில் அமர்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். தலைவணங்கி அமர்ந்திருக்கும் பக்தர், பக்கத்தில் பார்வதி. இதற்கு எதிர்ப்புறம் அமைதியே உருவான சரஸ்வதி. கருங்கல்லில் இவ்வளவு கனிவைக் கொண்டுவர முடியுமா என்று தோன்றும்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது சிங்கக் கிணறு. சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து கிணற்றுக்கு இறங்குவது போன்ற அமைப்பு. நந்தியையும் கவனியுங்கள். தஞ்சையில் இருப்பது ஒற்றைக் கல் நந்தி. இங்கே செங்கல்லும் சுதையும் கொண்டு கட்டியது.

2004-ல் இந்தக் கோயிலும் தாராசுரமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தஞ்சைக் கோயில் 1987-லேயே சேர்ந்துவிட்டது.

மதில் எங்கே?

சுற்றிப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு பெரிய விமானத்துக்கு ஏற்ற ராஜகோபுரத்தையும் உயர்ந்த மதிலையும் காணோமே? விடை சில கிலோமீட்டர் தள்ளி, கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிறது. 1836-ல் ஆங்கிலேயர் அணைக்கரையில் கீழணையைக் கட்டியபோது, இந்தக் கோயிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மதில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக வருபவர்கள், கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கற்கள் போய்ச் சேர்ந்த இடத்தைக் கடந்துதான் வருகிறார்கள்!

அரண்மனை இருந்த மேடு

கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு. பெயரிலேயே சேதி இருக்கிறது. 1980-களில் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது, சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. அண்மை ஆண்டுகளிலும் அகழாய்வு நடந்தது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பானை ஓடுகள் என்று ஒரு தலைநகரத்தின் அன்றாட வாழ்க்கையே மண்ணிலிருந்து எழுந்து வந்தது.

சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். நகரம் அழிந்தாலும் பெயர்கள் காவல் நிற்கின்றன. அருகிலுள்ள செங்கமேட்டுக்குப் போனால், ராஜேந்திரன் படைகள் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிற்பங்களைப் பார்க்கலாம். நம் ஊர்க் கருங்கல் சிலைகளுக்கு நடுவே அவற்றின் செந்நிறமே ‘நாங்கள் வெளியூர்’ என்று சொல்லிவிடும்.

கடலாகக் கிடந்த ஏரி

கங்கை வரை சென்ற படை கொண்டுவந்த நீரை, ராஜேந்திரன் ஒரு பெரிய ஏரியில் சேர்த்தான். அதுதான் சோழகங்கம். நீரால் எழுப்பிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. மற்ற மன்னர்கள் கல்லில் நட்ட வெற்றித் தூணை, இவன் குடிமக்களின் வயலுக்குப் பாயும் தண்ணீரில் நட்டான். இன்று அதன் பெயர் பொன்னேரி.

தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் வெட்டி இதற்கு நீர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்பு ஒன்று, இதன் கரை 16 மைல் நீளம் என்கிறது. அப்போதே ஏரி பாழடைந்து காடு மண்டிக் கிடந்தது. இன்று கரையில் நின்று பார்த்தால், பழைய பரப்பை மனத்தில்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

என்னென்ன வரப்போகிறது?

ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பு நடந்து ஆயிரம் ஆண்டு ஆனதை ஒட்டி, 2025 ஜூலையில் இந்த ஊர் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்தார். ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிடப்பட்டது. இளையராஜாவின் திருவாசக இசை ஒலித்தது. தமிழக அரசும் திட்டங்களை அறிவித்தது. 22.10 கோடி ரூபாயில் அருங்காட்சியகம், சோழகங்கம் ஏரியைச் சீரமைக்க 12 கோடி, அங்கே சுற்றுலா வசதிகளுக்கு 7.25 கோடி.

அருங்காட்சியகம் அவசியம் தேவை. மாளிகைமேட்டில் செங்கல் சுவரைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு, அந்தச் சுவருக்குமேல் என்ன இருந்தது என்று காட்ட ஓர் இடம் வேண்டும். ஆனால், கட்டடம் மட்டும் போதாது. கோயில், மாளிகைமேடு, செங்கமேடு, பொன்னேரி நான்கையும் இணைக்கும் பேருந்தோ பேட்டரி வண்டியோ வேண்டும். நல்ல கழிப்பறை, குடிநீர், நிழல், தமிழில் தெளிவான தகவல் பலகைகள் வேண்டும். உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கலாம். கோயிலுக்குப் பக்கத்திலேயே இரவு தங்கச் சில அறைகள் இருந்தால், ஒரு மணி நேரப் பயணம் ஒரு நாள் பயணமாகும். இளநீர்க் கடைக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் பயன்பெறுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஏரி. படகுத்துறையும் பூங்காவும் பார்வைக்கு அழகுதான். ஆனால், வரத்து வாய்க்கால் தூர்ந்தே கிடந்தால், படகுத்துறையில் படகு மட்டும்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது.

கம்போடியாவின் அங்கோருக்குப் போனவர்களுக்கு மேற்கு பராய் ஏரியைத் தெரிந்திருக்கும். இதே 11-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது; சுமார் 8 கிலோமீட்டர் நீளம். அதில் இன்றும் நீர் நிற்கிறது. வயலுக்குப் பாய்கிறது, விடுமுறை நாள்களில் உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பாட்டு மூட்டையோடு கரைக்கு வருகின்றன. விவசாயிக்கு உதவும் ஏரிதான் சுற்றுலாப் பயணிக்கும் அழகாகத் தெரியும். பொன்னேரிக்கும் அந்த வரிசையில்தான் வேலை நடக்க வேண்டும்: முதலில் வாய்க்கால், அடுத்து கரை, அதன்பிறகு படகு.

எப்படிப் போகலாம்?

திருச்சி - சிதம்பரம் சாலையில், ஜெயங்கொண்டத்தைத் தாண்டியதும் வருகிறது கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்கள் அரியலூரில் இறங்கி, ஜெயங்கொண்டம் வழியாகப் பேருந்தில் வரலாம்.

காலையிலேயே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கல் தரையில் கால் வைக்க முடியாது. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் பார்க்க வேண்டிய காட்சி. மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, அந்த மாபெரும் லிங்கத்தையே அன்னத்தால் மூடுவார்கள். கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

அடுத்த முறை வேன் ஓட்டுநர் ‘ஒரு மணி நேரம்தான்’ என்றால், ‘மாளிகைமேட்டுக்கும் பொன்னேரிக்கும் போய்விட்டுக் கிளம்பலாம் அண்ணே’ என்று சொல்லிப் பாருங்கள். பார்க்க ஆள் வந்தால்தான் பராமரிக்கவும் ஆள் வரும்!