கண்ணாடி உடைந்த தபால்

போன மாதம் மம்சாபுரத்தில் எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிள் இழுத்தார்கள். வேலை முடிந்ததும் வெட்டிப் போட்ட துண்டு ஒன்று வாசலில் கிடந்தது. உறையை உரித்தேன். உள்ளே தலைமுடி மாதிரி ஓர் இழை.

"தாத்தா, கையில எடுக்காதீங்க. அது கண்ணாடி, குத்தினா லேசுல வராது" என்றாள் இன்ஜினீயரிங் படிக்கும் பேத்தி. பேச்சு வளர்ந்தது. இந்த மாதிரி இழையை வைத்து ஒரு பாலம் எவ்வளவு வளைகிறது, இழுபடுகிறது என்று அளக்கலாமாம்.

இழையின் நடுவே புற ஊதா ஒளியால் நெருக்கமாகக் கோடுகள் பதிக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரில் ஏறக்குறைய 18,000 கோடுகள்! ராஜபாளையம் மில்லில் நூலோடு வாழ்ந்தவர்களுக்கே இது கற்பனைக்கு எட்டாது. இழைக்குள் ஒளியை விட்டால், கோடுகளின் இடைவெளிக்கு ஏற்ற ஓர் அலைநீளம் மட்டும் திரும்பி வரும். மற்றவை தாண்டிப் போய்விடும். இழையை இரும்பில் ஒட்டிவிட்டால், இரும்பு நீளும்போது கோடுகளும் விலகும், திரும்பும் அலைநீளம் மாறும். ஒரு மீட்டர் இரும்பு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் தெரிந்துவிடும். வெயில் பட்டாலும் அலைநீளம் மாறுமே என்றேன். அதற்காகப் பக்கத்திலேயே இழுபடாத இன்னொரு இழையை வைத்து, சூட்டின் பங்கைக் கழித்துவிடுவார்களாம். உள்ளே மின்சாரம் ஓடாததால் இடி மின்னலுக்கும் பயமில்லை.

இதற்குப் பிராக் கிரேட்டிங் என்று பெயர். 1915-இல் நோபல் பரிசு பெற்ற தந்தையும் மகனுமான பிராக்குகளின் விதிதான் அடிப்படை. காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்குக் கிரேட்டிங் என்றால் 'ரெஸோ'. ரயில் பாதைகளின் பின்னலுக்கும் அதே சொல்தான். 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் ஒளியால் இழைக்குள் கோடு பதியும் என்று கண்டார்கள். 1993-இல் அதே நாட்டில் கால்கரி நகரத்துப் பாலம் ஒன்றில் இந்த இழைகளைப் பதித்தார்கள். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர் அசோகன் குழு இதில் நிறையச் செய்திருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு கண்ணாடி ஞாபகம் வந்தது.

கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. சுவரில் விரிசல் கண்டால் ஓவர்சியர் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதியை எழுதிவிட்டு வருவார். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது. உடைந்தால் சுவர் நகர்கிறது. எவ்வளவு நகர்ந்தது, எப்போது நகர்ந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரு கட்டடத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது என்று தபால் வந்தது. நான்தான் பதிவேட்டில் ஏற்றினேன். மேலே வைத்தபோது, எஸ்டிமேட் வந்ததும் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். சேர்த்துக் கட்டி வைத்தேன். திரும்ப ஒரு தடவை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி சுவர் விழுந்தது. ஓரத்தில் படுத்திருந்த வாட்ச்மேனுக்கு வலது கால் போயிற்று. நிவாரண மனுவோடு அவர் கட்டையூன்றி வந்தார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். "ஐயா, நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தபாலைப் பற்றி அவருக்குத் தெரியாது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த கருவிகள் எச்சரித்ததும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 1914-இல் திறந்த பாலம். புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். செய்தியைப் படித்த அன்று நான் மட்டும் பேப்பரை மடிக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

இவ்வளவையும் பேத்தியிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"தபால் வந்து எத்தனை நாள்ல தாத்தா சுவர் விழுந்துச்சு?"

"பதினேழு நாள்ம்மா."

இழைத் துண்டைச் சுருட்டி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.