மதுரை: கோயில், கடைவீதி, கொஞ்சம் சாப்பாடு

போன மாதம் இரண்டு நாள் மதுரைக்குப் போய் வந்தேன். மீனாட்சி அம்மன் கோயிலின் பெருமையைப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எழுதாதவர்கள் யார் இருக்கிறார்கள்! பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு என்ன பட்டதோ அதை மட்டும் எழுதுகிறேன். அதாவது, கோயிலைச் சுற்றி நடக்கிற வியாபாரம். சாப்பாடும் வரும், பயப்பட வேண்டாம். :-)

மதுரைக்கு வரைபடமே தேவையில்லை. கோயில் நடுவில். அதைச் சுற்றி சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொரு வீதிக்கும் ஒரு தொழில் வேறு. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள், கீழமாசி வீதியில் மொத்த மளிகை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் மூக்கைக் கேட்டால் போதும். மிளகாய் வற்றல் நெடி அடித்தால் கீழமாசி வீதி!

கூட வந்தவன் என் வகுப்பு நண்பன், மதுரைக்காரன். விடிவதற்குள் எழுப்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனால் மூன்று வருடம் வகுப்பில் படித்ததை அங்கே அரை மணி நேரத்தில் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மொட்டை இருட்டிலேயே பறித்து மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சாயங்காலம் மலர்ந்துவிடும். அதற்குள் விற்றாக வேண்டும். முகூர்த்த நாள் என்றால் விலை எங்கேயோ போகும். மார்கழி, தை பனியில் வரத்து குறைந்தால் இன்னும் மேலே. வரத்து கூடிவிட்டால் அப்படியே கீழே விழும், மிஞ்சுவது சென்ட் தயாரிக்கிறவர்களுக்குப் போகும். இறுதிச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். பூக்காரருக்கு இறுதிச் சரக்கு என்ற ஒன்றே கிடையாது. மறுநாள் காலை அது குப்பை.

அங்கிருந்து கோயில். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அது ஒருவகையில் நல்லதுதான், எல்லோரும் கோபுரத்தைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985தான். கணக்கு பதினைந்து உதைக்கிறது! முக்குறுணி விநாயகரை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு குறுணி ஆறு படி, முக்குறுணி பதினெட்டு படி. விநாயகர் சதுர்த்திக்கு அத்தனை அரிசியிலும் ஒரே கொழுக்கட்டை. சாமி பெயரிலேயே கொள்முதல் அளவு இருக்கிறது பாருங்கள்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். பெயர்தான் புது, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தலைமுறை தலைமுறையாக அது ஒரு சந்தை. சிலைகள் உள்ள தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே வளையல், குங்குமம், பித்தளைச் சாமான், பழைய புத்தகம். சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு யாளியின் காலடியில் நூல்கண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபப் பகுதியில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன, மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. அதன்பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. 2020களின் தொடக்கத்தில் புது மண்டபத்துக் கடைகளும் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

இது தவறு என்று எப்படிச் சொல்வது? கல் மண்டபம், துணி மூட்டை, கரண்ட் வயர். ஒரு பொறி போதும். சிற்பங்கள் மீது ஆணி அடித்துத் துணி தொங்கவிட்ட இடம் அது. ஆனால் சத்திரத்தில் ஒரு தையல்காரரிடம் பேசிய பிறகு அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

"அங்கிட்டு இருந்தா சாமி கும்பிட வர்றவுக அப்படியே உள்ள வருவாக தம்பி. இங்கிட்டு எங்களைத் தேடித்தான் வரணும்" என்றார். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் திரி எடுப்பவர்களும் தண்ணீர் பீய்ச்சுபவர்களும் போடுகிற உடை இவர்கள் தைப்பதுதான். வெல்வெட்டும் ஜிகினாவுமாக ஒன்று மாட்டியிருந்தது. சீசன் நான்கு மாதம் போல, மற்ற நாளில் தலையணை உறை, கூடாரத் துணி, பாவாடை என்று கிடைத்ததைத் தைக்கிறார்.

வகுப்பில் கடை இருக்கும் இடத்தின் மதிப்பை குட்வில் என்று ஐந்தொகையில் எழுதச் சொல்வார்கள். அந்த மனிதருக்கு மாற்றுக் கடை கிடைத்தது. குட்வில் மண்டபத்திலேயே நின்றுவிட்டது. அதை எந்த நஷ்ட ஈட்டிலும் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், கடைகளை வெளியே எடுத்தது சரி. சத்திரத்துக்கு வழி காட்டும் பலகையைக் கிழக்குக் கோபுர வாசலிலேயே, செருப்பு விடும் இடத்தில், கண்ணில் படுகிற மாதிரி வைக்கலாம். திருவிழா மாதத்திலாவது சித்திரை வீதியில் ஓரமாக இவர்களுக்கு இடம் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. நண்பன் சிரித்தான், "நீ கலெக்டராகப் போ" என்று.

கலெக்டர் என்றதும் சாப்பாட்டுக்கு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது! ஜிகர்தண்டா குடிக்க விளக்குத்தூணுக்குப் போனோம். அந்த விளக்குத்தூணே மதுரைக் கோட்டையை இடித்து ஊரை அகலமாக்கிய பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டரின் நினைவாக வைத்தது. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒரு கிளாஸ் குடித்தால் மதியச் சாப்பாடு மிச்சம். இரவு கறிதோசை. கெட்டியான தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எடுத்தது. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பருத்திப்பால்தான் பிடித்தது. பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, தெருமுனையில் தள்ளுவண்டியில் வைத்து விற்கிறார்கள். தொண்டைக்குள் சூடாக இறங்கும்போது காரமா இனிப்பா என்று முடிவு செய்வதற்குள் டம்ளர் காலி.

கிளம்புவதற்கு முன் சத்திரத்துக்கு இன்னொரு தடவை போய் வீட்டுக்கு நான்கு தலையணை உறை வாங்கினேன். பேரம் பேசவில்லை. அம்மா தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வாங்கியிருக்கலாமே" என்றாள்.