கோகிமா மலையில் ஒரு வரலாற்றுப் பாடம்

திமாப்பூர் இரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறினால் நாகாலாந்தின் தலைநகரான கோகிமாவை அடையலாம். வளைவுக்கு வளைவு மூடுபனி வந்து வழியை மறைக்கும் இச்சாலைக்காகவே 1944ஆம் ஆண்டில் பல்லாயிரவர் மடிந்தனர். திமாப்பூரில் நேசநாடுகளின் பெருங்கிடங்குகள் இருந்தன. அப்பால் இம்பாலில் அவர்தம் படை முற்றுகையில் சிக்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே கோகிமா. ஏப்ரல் 4ஆம் நாள் ஜப்பானியரின் 31ஆம் டிவிஷன் இம்மலையைத் தாக்கத் தொடங்கியது. சாலை மீண்டும் திறக்கப்பட்டது ஜூன் 22இல்தான்.

போர் நடந்த குன்றே இன்று கல்லறைத் தோட்டம். படிப்படியாக ஏறும் புல்தரைகளில் 1,420 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் வெண்கலப் பட்டயம். துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் அதன் எல்லைக்கோடுகளைச் சிமெண்டால் குறித்து வைத்திருக்கின்றனர். பந்தடிக்கும் தூரத்தில் நின்று இருதரப்பினரும் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டனர் என்பதை, அக்கோடுகளைக் கண்டபின்பே மனம் நம்புகிறது.

எம் பங்கைச் சேர்ந்த, வரலாறு பயிலும் கல்லூரி மாணவன் ஒருவன் உடன் வந்திருந்தான். இரண்டாம் உலகப் போர் என்றால் ஹிட்லரும் ஹிரோஷிமாவும் என்பதே அவன் கற்றது. குன்றின் மேற்பகுதியில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் நினைவுச் சின்னத்தின் முன் நெடுநேரம் நின்றான்.

“சாமி, நாம் அப்போது அடிமை நாடு. அந்நியனுக்காக இறந்தவர்களை நம் வீரர் என்பது எப்படி?” என்றான்.

நியாயமான கேள்வி. 1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கேளாமலே இந்தியாவைப் போரில் இறக்கினார். அதனாலேயே காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். ஆயினும், கட்டாய ஆள்சேர்ப்பு இன்றியே இந்தியப் படை 25 இலட்சம் பேராகப் பெருகியது. கூலிக்காகச் சேர்ந்தவரும் உண்டு. குலவழக்கமாகச் சேர்ந்தவரும், பாசிசத்தை வெறுத்துச் சேர்ந்தவரும் உண்டு. பசிக்காகத் துப்பாக்கி ஏந்தியவனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரான அவர், 1944 ஜூன் 24இல் இத்தாலியில் கண்ணிவெடியொன்றின்மேல் தம் உடலையே கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு இறந்தபின் அளிக்கப்பட்டது. அந்தக் கணத்தில் அவர் எந்த அரசருக்காகவும் சாகவில்லை.

“அப்படியானால் நேதாஜியின் படை?” என்றான்.

கோகிமா முற்றுகையில் இருந்த அதே ஏப்ரலில், 14ஆம் நாள், மணிப்பூரின் மொய்ராங்கில் இந்திய தேசிய இராணுவம் தன் கொடியை ஏற்றியது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர் பலர் அப்படையில் இருந்தனர். ஆக, இம்மலைப்போரில் இருபக்கமும் இந்தியர். ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர் பிள்ளைகளுக்கு அநீதி செய்கிறார் என்பேன். நாகர்களையும் மறத்தலாகாது. வெடிமருந்தைச் சுமந்தவர்களும் காயமுற்றோரை இறக்கியவர்களும் அவர்களே, வீடிழந்தவர்களும் அவர்களே. இது எவருடைய போர் என்று முதலில் கேட்கும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு.

மாலையில் அரதுரா குன்றிலுள்ள சகாய மாதா பேராலயத்துக்குச் சென்றோம். இங்கே மாண்ட தம்மவரின் நினைவாக ஜப்பானியரும் இக்கோவிலுக்குப் பொருளுதவி செய்துள்ளனர். “அவர்களுக்காகவும் செபிக்கலாமா?” என்று கேட்டான். இருவரும் முழந்தாளிட்டோம். வெளியே வந்ததும் இம்பாலுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். மொய்ராங்கையும் பார்த்தாக வேண்டுமாம்.