பட்டத்திற்குப் பின்னும் ஒரு பயணம்

அரபு மொழியில் புற்றுநோய்க்கு ‘ஸரத்தான்’ என்று பெயர். நண்டு என்பது அச்சொல்லின் பொருள். தமிழரோ அதனைப் புற்று என்றனர். ஒன்று பற்றினால் விடாத கொடுக்கை நினைவூட்டுகிறது. மற்றொன்று வெளியே தெரிவதைவிட உள்ளே ஆழ்ந்து பரந்திருப்பதை உணர்த்துகிறது. இரைப்பைப் புற்றுக்கு இவ்விரு பெயரும் பொருந்தும். வயிற்று மந்தம் என்று நாம் எண்ணியிருக்கும் காலத்திலேயே அது வேரூன்றி விடுகிறது.

என்னிடம் ஓதிய அன்பர் ஒருவரின் மகள் உயிரணுவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இந்நோய் தோன்றும் விதத்தை ஆராய அயல்நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவரை ஈராண்டுக்கு அழைத்துள்ளது. “ஹஜ்ரத்! பட்டம்தான் வாங்கிவிட்டாளே, இன்னும் படிப்பா?” என்று தந்தை கேட்டார். பல இல்லங்களில் எழும் வினா இது.

டாக்டர் பட்டம், ஆராயத் தெரியும் என்பதற்கான ஸனது மட்டுமே. அதன்பின் தேர்ந்த அறிஞர் ஒருவரின் கீழ் ஊதியம் பெற்றுப் பணியாற்றி, புதிய முறைகளைப் பயின்று, தமக்கென ஒரு வினாவைக் கண்டடையும் காலமே மேலாய்வுக் காலம். நம் மரபுக்கு இது புதிதன்று. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அண்ணலாரிடம் நேரில் கேட்டறிந்த தோழர். ஆயினும் தாம் கேட்டிராத ஒரேயொரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களை நாடிச் சென்றார்.

பட்டமும் பரிசும் ஆய்வின் முடிவல்ல. எலிகளின் இரைப்பையில் புழுவொன்று புற்றை விளைவிக்கிறது என்றுரைத்த டென்மார்க் அறிஞர் ஃபிபிகர் 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பின்வந்தோர் ஆராய்ந்தபோது அம்முடிவு நிலைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலம் சுரக்கும் இடத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய துணிபு. 1981இல், பயிற்சி நிலையிலிருந்த இளைஞர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். இரண்டு நாளில் கிருமி வளராத தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் சில தட்டுகள் ஐந்து நாள் கிடந்தன. அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது! 1984இல் மார்ஷல் அதனைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். ‘ஹெலிகோபேக்டர் பைலோரி’ எனும் அக்கிருமி புற்றையும் விளைவிக்கும் என 1994இல் உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணம் கண்டமைக்காக 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் வினா தீரவில்லை. கோடானுகோடி மக்கள் வயிற்றில் இக்கிருமி உண்டு. புற்று நேர்வதோ நூற்றில் ஒரு சிலருக்கே. ஜப்பானிலும் கொரியாவிலும் இரைப்பைப் புற்று மிகுதி. கிருமி பரவலாக உள்ள நம் நாட்டிலோ அதற்கேற்ற அளவில் அது காணப்படுவதில்லை. ஏன்? கிருமி தன் புரதத்தை ஊசிபோல் உயிரணுவுக்குள் செலுத்தும் விதத்தையும், உயிரணுக்களிலிருந்து கூடத்திலேயே வளர்க்கப்படும் நுண்ணிய இரைப்பை வடிவங்களையும் கொண்டு இளம் ஆய்வாளர் இன்று இவ்வினாவைத் தொடர்கின்றனர்.

இவ்வழி எளிதன்று. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கே. நிலையான பதவிக்கு உறுதியில்லை. ஆகவே, வழிகாட்டும் அறிஞர் எத்தகையவர், முன்னர் அவரிடம் பயின்றோர் என்ன நிலையில் உள்ளனர், உழைப்பின் பலன் உழைத்தவர் பெயரில் வெளிவருமா, தங்குமிடம் பாதுகாப்பானதா என்பவற்றைத் தீர விசாரித்து அனுப்புக என்றேன். விசாரிப்பது வேறு, தடுப்பது வேறு.

ஒவ்வொரு பிணிக்கும் மருந்துண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்துள்ளார்கள். அப்போதனையை நம்புவோர், அம்மருந்தைத் தேடிப் புறப்படும் பிள்ளைகளிடம் ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று கேட்கலாகாது. அவர்களுக்கு வல்ல அல்லாஹ் பயனுள்ள இல்மையும், பெற்றோருக்குப் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.